ஊருக்கெல்லாம் ஒரே பல்வரிசை

ஸ்டூடியோக்காரருக்குத் தன் வாடிக்கையாளர்களைக் கண்டாலே இளக்காரம். முப்பத்திரண்டு வருஷமாக அவர்கள் முகத்தைப் படம்பிடித்துத்தான் வயிறு வளர்த்தார், வீடு கட்டினார், மகளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தார். நன்றி என்று ஒன்று இருந்தால் அந்த முகங்களைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டிருக்க வேண்டும். அவரோ கடையைச் சாத்திவிட்டு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார்.

“இன்னைக்கு ஒன்பது பேரு. ஒன்பதும் ஊத்தை வாய். காலையில எழுந்து பல்லு விளக்குறதுக்குக்கூடவா இதுங்களுக்குச் சோம்பேறித்தனம்?”

“அவங்க பல்லை அவங்க பாத்துக்குவாங்க. நீங்க முதல்ல காலைக் கழுவுங்க,” என்பார் மனைவி.

அவர் பார்த்தது பொய்யில்லை. அந்தக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர்களில் பல் வெள்ளையாக இருந்த ஆள் ஒருவர்கூடக் கிடையாது. சிலருக்குச் சுண்ணாம்பைத் தீற்றிய மாதிரி திட்டுத்திட்டாக, சிலருக்கு மஞ்சள் வரிகளாக, பலருக்கு முன்பல் இரண்டிலும் குறுக்கே பழுப்புப் பட்டையாக. கொஞ்சம் பேருக்குப் பல்லில் குண்டூசியால் குத்தியது போலக் குழிகூட விழுந்திருந்தது. கண்ணால் பார்த்ததெல்லாம் சரி. அதற்கு அவர் கண்டுபிடித்த காரணம்தான் சுத்த அபத்தம்.

காரணம் தெருக்கோடியில் இரவும் பகலும் உறுமிக்கொண்டிருந்தது. நாற்பது வருஷத்துக்கு முன் ஆலைத் தொழிலாளர்களுக்காக அந்தக் குடியிருப்பைக் கட்டியபோது, பாறையைக் குடைந்து ஆயிரம் அடிக்கு ஓர் ஆழ்துளைக் கிணறு போட்டு மோட்டார் வைத்தார்கள். தண்ணீர் பளிங்காக வந்தது. நாற்றமில்லை, கலங்கலில்லை. திறப்பு விழாவுக்கு வந்த பெரியவர்கள் ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்துவிட்டு, ஆகா என்று தலையை ஆட்டிவிட்டு, ஆற்றுத் தண்ணீர் வரும் தங்கள் வீடுகளுக்குக் காரில் போய்விட்டார்கள். அந்தப் பாறையிலிருந்து தண்ணீரில் ஃபுளோரைடு கரைந்து வருகிறது என்று யாரும் பார்க்கவில்லை. பல் முளைத்து முடிந்த பெரியவர்களின் பல்லை அது ஒன்றும் செய்யாது. ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும் குழந்தைகள் அதைக் குடித்தால், பல்லே கறையோடு பிறக்கும். விளக்கினாலும் போகாது, சுரண்டினாலும் போகாது.

ஸ்டூடியோக்காரர் இருபத்தாறு வயதில் வேறு ஊரிலிருந்து வந்தவர். அவர் பல் வெள்ளை. மேல்வரிசை முன்பல்லில் மட்டும் இடது ஓரம் ஒரு சின்ன மூளி, பதினொரு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து உடைத்துக்கொண்டது. அவரைப் போலவே வெளியிலிருந்து வேலைக்கு வந்த கிழவர்களுக்கெல்லாம் பல் வெள்ளையாக இருந்தது. அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்குக் காவியாக இருந்தது. இதைப் பார்த்து வேறு யாருக்காவது ஏதாவது தோன்றியிருக்கும். இவருக்கு, “அந்தக் காலத்து ஆளுங்க சுத்தம் இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு வருமா?” என்றுதான் தோன்றியது. தனக்கு ஒழுக்கம் இருக்கிறது, அதனால் பல் இருக்கிறது. இத்தனை வருஷமும் அந்தத் தத்துவத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்.

குடியிருப்புக்காரர்களும் லேசுப்பட்டவர்களில்லை. தண்ணீரைக் கேள்வி கேட்பதை விட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளப் பழகினார்கள். பேசும்போது கை வாய்க்குப் போகும். சிரிப்பு வந்தால் தலையைக் குனிந்துகொள்வார்கள், கைக்குட்டை எடுப்பார்கள், முந்தானையை இழுப்பார்கள். வெளியூரில் இவர்களுக்கு நல்ல பேர். அந்தக் குடியிருப்புப் பெண்கள் எவ்வளவு அடக்கம் என்று சொல்லிப் பெண் எடுத்துப் போனார்கள். கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் அந்த அடக்கத்தின் காரணம் தெரிந்திருக்கும், அப்போது சொல்லி என்ன பயன்?

பெண் பார்க்க வருமுன் படம் போக வேண்டும். படத்தில் பல் தெரிய வேண்டும், வெள்ளையாகத் தெரிய வேண்டும். அங்கேதான் ஸ்டூடியோக்காரரின் பிழைப்பு. நீலத் திரை, ஒரு முக்காலி, இரண்டு விளக்கு, சுவரில் ரசம் போன கண்ணாடி, அதில் நூல் கட்டித் தொங்கவிட்ட சீப்பு. முக்காலியில் உட்கார்ந்தவர் உதட்டை இறுக்கிக்கொண்டு கூச்சப்பட்டால், கேமராவுக்குப் பின்னாலிருந்து அவர் ஒரே வாசகத்தைத்தான் சொல்வார்.

“நல்லா சிரிங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்.”

ஆரம்பத்தில் மெல்லிய பிரஷ்ஷால் படத்தின் மேலேயே ஒவ்வொரு பல்லாக வெள்ளை தொட்டு வைத்தார். கம்ப்யூட்டர் வந்த பிறகு அந்தப் பொறுமையும் போயிற்று. ஒருநாள் கண்ணாடி முன் நின்று தன் வாயைத் தானே படமெடுத்தார். பல்வரிசையை மட்டும் வெட்டி எடுத்துச் சேமித்துவைத்தார். அதன் பிறகு யார் வந்தாலும் அந்தப் பல்தான். குழந்தை என்றால் கொஞ்சம் சுருக்குவார், பெரிய தாடை என்றால் கொஞ்சம் இழுப்பார். ஆறாம் வகுப்பு ‘அ’ பிரிவில் நாற்பது பிள்ளைகள் என்றால் நாற்பது வாயிலும் அவர் பல். மாப்பிள்ளைக்கும் அதே, மணப்பெண்ணுக்கும் அதே. செத்துப்போன பொக்கைவாய்க் கிழவருக்குக்கூட, பிள்ளைகள் கேட்டார்கள் என்று, கூசாமல் மாட்டிவிட்டார். அந்த ஓரத்து மூளியைச் சரிசெய்யலாமே என்று ஒருதடவை நினைத்தார். சின்னப் படத்தில் யாருக்குத் தெரியப் போகிறது என்று விட்டுவிட்டார்.

எதிர்வரிசையில் ஒரு தையல்காரி இருந்தாள். அவள் கல்யாணப் படத்தைப் பார்த்தவர்களெல்லாம், புருஷனும் பெண்டாட்டியும் எப்படி ஒரே சாயலாக இருக்கிறார்கள் பார் என்று மாய்ந்துபோனார்கள். ஸ்டூடியோக்காரர் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு மனதுக்குள் சிரித்தார். மடையர்கள் என்று நினைத்தார்.

இந்த மடையர்களுக்கு நடுவில் அவருக்கும் ஒரு மகள் பிறந்தாள். அவள் விஷயத்தில் அவர் படுகண்டிப்பு. வீட்டில் யாரும் காய்ச்சாத தண்ணீரைக் குடிக்கக் கூடாது. அதுவும் சும்மா கொதித்தால் போதாது, பானைத் தண்ணீர் பாதிக்கு மேல் வற்ற வேண்டும். “என் வீட்டுல வந்து ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுப் பாருங்க, தேன்!” என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டார். கொதித்தால் கிருமிதான் சாகும். ஃபுளோரைடு கிருமி இல்லை. தண்ணீர் வற்ற வற்ற அது இறுகும். ஊரில் மற்ற பிள்ளைகள் குடித்ததைவிடக் கெட்டியாகத் தன் பிள்ளைக்கு ஊற்றிக் கொடுத்தார் அந்தப் புத்திசாலி.

ஏழு வயதில் அவளுக்கு மேல் முன்பல் இரண்டும் முளைத்தன. பழுப்புப் பட்டையோடு முளைத்தன. அவருக்குத் தலையில் இடி விழுந்தது. தன் தத்துவப்படி இதற்கு ஒரே அர்த்தம்தான்: பிள்ளை பல் விளக்காமல் ஏமாற்றுகிறது. அன்றிலிருந்து காலையில் குழாயடியில் அவரே முன்னால் நின்றார். உப்பு, கரி, கடைசியில் செங்கல் பொடி. அவள் அழ அழத் தன் கட்டைவிரலால் தேய்த்தார். ஈறு கிழிந்து ரத்தம் வந்ததே தவிர, பட்டை இம்மியும் நகரவில்லை.

“நான் நல்லாத்தாம்பா விளக்குறேன்.”

“பொய் சொல்லாதே. கவனிக்காம விட்டா இப்படித்தான் இருக்கும். என் பல்லைப் பாரு!”

மனைவிதான் ஒருநாள் குறுக்கே வந்து கையைத் தட்டிவிட்டார். “பிள்ளை வாயா, பாத்திரமா? பெரிய டவுன்ல பல் டாக்டர் இருக்காராமே, காட்டிட்டு வாங்க.” காட்டினார். அந்த டாக்டர் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, இது மேலே ஒட்டிய கறை இல்லை, பல்லே இப்படி உருவாகியிருக்கிறது, எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். ஸ்டூடியோக்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாதிக்கு மேல் வற்றக் காய்ச்சிக் குடிக்கும் குடும்பத்தைப் பார்த்துத் தண்ணீரைப் பற்றிக் கேட்கிறான் ஒருவன்! ஒன்றும் தெரியாத டாக்டர் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினார். அதோடு மகளுக்கும் படத்தில் தன் பல்லை ஒட்டிப் பிரச்சினையைத் தீர்த்தார்.

அவள் படித்து முடித்ததும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை வேலைக்கு எழுதிப் போட்டாள். படத்தைப் பார்த்தே நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். போனாள். வாயைத் திறந்து வணக்கம் சொன்னாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இது யாரோட போட்டோம்மா?” என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை. அப்பாவின் முன்னால் அந்தப் படத்தை வைத்தாள்.

“யாரோட போட்டோன்னு கேட்டாங்கப்பா. எனக்குப் பதில் தெரியல. நீங்களே சொல்லுங்க.”

அவர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அதே ஆஸ்பத்திரியில் பின்கட்டில், ரத்தம் பரிசோதிக்கும் அறையில் அவளுக்கு வேலை போட்டுக் கொடுத்தார்கள். அங்கே யாரும் யார் பல்லையும் பார்க்க வேண்டியதில்லை.

ஆனால் அங்கேதான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தாய் என்று கூட வேலை செய்தவள் ஒருத்தி கேட்டதில் ஆரம்பித்து, வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது. நாலரை இருந்தது. அப்பா வீட்டில் காய்ச்சி வைத்ததை அனுப்பினாள். பத்தைத் தாண்டியது. அப்போது அவளைக் குடியிருப்பிலேயே கட்டிக்கொடுத்தாயிற்று, இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தையும் இருந்தது. பதறிப்போய்க் குழந்தைக்கு மட்டும் கேன் தண்ணீர் வாங்க ஆரம்பித்தாள். ஒரு சந்தேகத்தில் அதையும் அனுப்பிப் பார்த்தாள். அதிலும் நாலரை. கேன்காரன் அதே ஆழ்துளைக் கிணற்றில் பிடித்து, மூடியில் நீலக் காகிதம் ஒட்டி விற்றுக்கொண்டிருந்தான்.

“பாப்பாவோட பெரிய பல்லெல்லாம் இப்பதான் ஈறுக்குள்ள உருவாகிட்டு இருக்குப்பா,” என்றாள். “எட்டு வயசுவரைக்கும் உருவாகும். முன்பல்லு நாலு வயசுக்குள்ளயே முடிஞ்சிரும். அதுக்குள்ள தண்ணியை மாத்தணும்.”

“அதெல்லாம் ஒழுங்கா விளக்கினா…” என்று ஆரம்பித்தார் ஸ்டூடியோக்காரர்.

“அப்பா. அந்தப் பேச்சை மட்டும் இன்னொரு தடவை எடுத்தீங்கன்னா, பாப்பாவைத் தூக்கிக்கிட்டு இந்த வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன்.”

அவர் அந்தப் பேச்சை அதோடு விட்டார். உள்ளுக்குள் நம்பவில்லை. நம்பினால், குழாயடியில் கரியும் செங்கல் பொடியுமாக நின்ற தன்னை என்ன சொல்லித் திட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

மகள் மனு எழுதினாள், வீடு வீடாகப் போனாள், ஒரு வருஷத்தில் பாதியை அலுவலகப் பெஞ்சுகளில் உட்கார்ந்தே கழித்தாள். கடைசியில் ஒரு நல்ல செய்தி வந்தது. ஆற்றுத் தண்ணீர்க் குழாயை இந்த வருஷம் ஒரே ஒரு பகுதிக்கு நீட்டப்போகிறார்கள். இந்தக் குடியிருப்பா, ஊருக்கு மேற்கே புதிதாகக் கட்டும் வீடுகளா என்று தீர்மானிக்க ஒரு விசாரணை அதிகாரி வருகிறார். அவர் எழுதிக் கொடுத்தால் ஆறு மாதத்தில் குழாய் வந்துவிடும். எழுதாவிட்டால் அடுத்த முறை ஏழு வருஷம் கழித்துத்தான். ஏழு வருஷத்தில் பாப்பாவின் பல்லின் கதை முடிந்திருக்கும்.

விசாரணைக்கு ஒரு வாரம் முன்னால் தண்ணீர்த்துறை இன்ஜினியர் ஸ்டூடியோவுக்கு வந்தார். நாற்பது வருஷக் கிணற்றைக் குறை சொன்னால் துறைக்கே அசிங்கம் என்று அவருக்குக் கவலை. மேற்கே கட்டும் வீடுகளில் ஒன்று அவருடையது என்பதையும் ஊரே அறியும், ஸ்டூடியோக்காரரைத் தவிர. அவருக்கு ஊர்ப்பேச்சு கேட்கும் பழக்கம் கிடையாது, ஊரையே மதிப்பதில்லையே.

“உங்க கைவண்ணத்தைப் பத்திக் கேள்விப்பட்டேன்,” என்றார் இன்ஜினியர். “பள்ளிக்கூடத்து வகுப்புப் படமெல்லாம் நீங்க எடுத்ததுதானாமே? பத்துப் பன்னெண்டு வருஷத்துப் படங்களைப் பெருசா போட்டுக் குடுங்க. அதிகாரி வர்ற அன்னைக்கு ஹாலில் மாட்டலாம். கடைசி வரிசையில இருக்கிறவனுக்கும் முகம் தெரியணும்.”

முப்பத்திரண்டு வருஷத்தில் அவரிடம் யாரும் கைவண்ணம் என்ற வார்த்தையைச் சொன்னதில்லை. உச்சி குளிர்ந்துபோயிற்று. எதற்கு, ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்து, ஒவ்வொரு முகமும் உள்ளங்கை அளவுக்குத் தெரியும்படி பன்னிரண்டு படங்களைப் போட்டுக் கொடுத்தார். அவ்வளவு பெரிதாக்கியதில் மூளி பளிச்சென்று தெரிந்தது. தெரிந்தால் என்ன, யார் பல்லை உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்று அப்போதும் நினைத்தார். மகளிடம் சொல்லவில்லை, அன்றைக்கு வந்து ஆச்சரியப்படட்டும் என்று.

பள்ளிக்கூட ஹால் நிரம்பி வழிந்தது. அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. மகள் பரிசோதனை அறிக்கைகளைக் கொடுத்துவிட்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றபடியே எல்லாவற்றையும் விளக்கினாள். அதிகாரி கவனமாகக் கேட்டுவிட்டு, கூட்டத்தைப் பார்த்தார்.

“இங்க யாருக்கெல்லாம் பல்லுல இந்தக் கறை இருக்கு? வந்து காட்டுங்க.”

ஒருவர் அசையவில்லை. நேற்றுவரை வருகிறோம், வருகிறோம் என்று அவளிடம் சத்தியம் செய்தவர்கள் அத்தனை பேரும் மேற்கூரையைப் பார்த்தார்கள். கல்யாணத்துக்குப் பெண் வைத்திருந்தவர்கள் பெண்ணின் கையைப் பிடித்து அழுத்தினார்கள். எல்லா வாயும் ஒட்டிவைத்தது போல மூடியிருந்தது. வெட்கம் கெட்ட வெட்கம்!

இன்ஜினியர் எழுந்தார். “மேடம், ஃபுளோரைடு ஃபுளோரைடுன்னு என்னமோ விஷம் மாதிரி பேசுறாங்க. பற்பசையில அதைத்தானே போட்டு விக்கிறாங்க? நாங்க தண்ணியிலேயே சும்மா குடுக்கிறோம்.” தானே சிரித்துக்கொண்டு சுவரைக் காட்டினார். “இதோ, பன்னெண்டு வருஷத்து வகுப்புப் படம். இந்தத் தண்ணியைக் குடிச்சு வளர்ந்த பிள்ளைங்க. ஒரு பல்லு, ஒரே ஒரு பல்லு காவியா இருக்கான்னு பாருங்க.”

ஸ்டூடியோக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் எதிர்பார்த்திருந்த பாராட்டு இதுதான். அவர் படங்களைக் கொண்டுதான் அவர் பேத்தியின் தண்ணீரை அடைக்கிறார்கள்.

“என் பல்லைப் பாருங்க மேடம்,” என்று மகள் வாயைத் திறந்து காட்டினாள்.

இன்ஜினியர் அதற்கும் தயாராக இருந்தார். முதல் படத்தில் இரண்டாவது வரிசையைத் தொட்டுக் காட்டினார். “இது நீங்கதானே? ஆறாம் வகுப்பு. பல்லு எவ்வளவு வெள்ளையா இருக்கு! அப்ப அது தண்ணியோட குத்தம் இல்லம்மா. நீங்க பின்னாடி கவனிக்காம விட்டிருக்கீங்க. கவனிக்காம விட்டா இப்படித்தான் இருக்கும்.”

அந்தக் கடைசி வாக்கியம் ஸ்டூடியோக்காரருடையது. குழாயடியில் நின்று, சின்னத் தாடையைப் பிடித்துக்கொண்டு, வருஷக்கணக்காக அவர் சொன்னது. அதே வார்த்தைகள் இப்போது இன்னொருவன் வாயிலிருந்து வந்தன. மகள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். உதவி கேட்டுப் பார்க்கவில்லை. உங்கள் ஆள் ஒருவர் பேசுகிறார், கேளுங்கள் என்பது போலப் பார்த்தாள். அவமானத்தில் அவருக்குக் காது இரண்டும் எரிந்தன. எழுந்து சுவருக்குப் போனார்.

“அம்மா,” என்றார் அதிகாரியிடம். “கொஞ்சம் கிட்ட வந்து பாருங்க. இந்தப் பிள்ளையோட முன்பல்லு, இடது ஓரம்.”

அதிகாரி வந்தார். “ஏதோ உடைஞ்ச மாதிரி இருக்கு.”

“பக்கத்துப் பிள்ளையைப் பாருங்க.”

“இதுலயும் இருக்கு.”

“அடுத்தது. அதுக்கு அடுத்தது. இந்தப் படத்தை விடுங்க, எட்டு வருஷம் கழிச்சு எடுத்தது, இதைப் பாருங்க.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நாலைந்து படங்களைப் பார்த்தார். “எல்லாருக்கும் அதே இடத்துல எப்படி உடையும்?” என்றார்.

ஸ்டூடியோக்காரர் வாயை அகலத் திறந்தார். ஒரு விரலால் மேலுதட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேரும் பார்க்க, மாடு வாங்க வந்தவனுக்குக் காட்டுவது போலத் தன் பல்லைக் காட்டினார். பிறகு உதட்டை விட்டுவிட்டுச் சொன்னார்.

“சைக்கிள்ல விழுந்து ஒடைச்சதும்மா. இந்தச் சுவர்ல இருக்கிற அத்தனையும் என் பல்லு. இவங்க பல்லு ஒண்ணுகூட இல்ல. நான்தான் எல்லாருக்கும் ஒட்டினேன்.”

“இவங்களுக்கும்?” அதிகாரி மகளின் படத்தைக் காட்டினார்.

“ஆமா. என் மகதான். கவனிக்காம விட்டது அவ இல்ல, நான்.”

இன்ஜினியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நடுவரிசையிலிருந்து தையல்காரியின் குரல் கணீரென்று வந்தது.

“அட பாவி மனுஷா! அப்ப என் கல்யாணப் போட்டோவுல நானும் என் வீட்டுக்காரரும் ஒரே சாயல்னு ஊரே சொன்னது உன் பல்லைப் பாத்துத்தானா? இத்தனை வருஷம் உன் பல்லுக்கா நான் ஃபிரேம் போட்டு மாட்டி வச்சிருந்தேன்?”

யாரோ ஒருவர் பக்கென்று சிரித்தார். அடுத்தவர் சிரித்தார். அப்புறம் ஹாலே வெடித்தது. தன் அப்பாவின் படம் நினைவுக்கு வந்து பொக்கைவாய்க் கிழவரின் மகன் விழுந்து விழுந்து சிரித்தார். கை வாய்க்குப் போக நேரமில்லை, கைக்குட்டை எடுக்க நேரமில்லை. கண்ணில் நீர் வர, தலையைப் பின்னால் சாய்த்து, அந்தக் குடியிருப்பு முதல்தடவையாக வாய்விட்டுச் சிரித்தது. வரிசை வரிசையாகப் பழுப்பும் மஞ்சளும் திட்டும் குழியும் வெளிச்சத்துக்கு வந்தன.

அதிகாரி சிரிக்கவில்லை. முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை பார்த்தார். இன்ஜினியரைப் பார்த்து, “உக்காருங்க,” என்றார். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு ஸ்டூடியோக்காரரிடம் திரும்பினார்.

“உங்க கடை பக்கத்துலதானே? கேமராவை எடுத்துட்டு வாங்க. ஒவ்வொருத்தரையும் எடுங்க. இந்தத் தடவை எதையும் தொடாதீங்க. படம் என் கைக்கு வந்ததும் நான் எழுதி அனுப்பிடுறேன், குழாய் இங்கதான் வரும்.”

சுவரோரம் ஒரு நாற்காலி போட்டார்கள். தையல்காரி முதலில் வந்து உட்கார்ந்தாள். அதன் பிறகு வரிசை ஹாலைத் தாண்டி மைதானத்துக்குப் போயிற்று. நேற்றுவரை ஊத்தை வாய் என்று அவர் ஏசிய வாய்கள். பிரஷ்ஷாலும் கம்ப்யூட்டராலும் மறைக்கவேண்டிய இடமாக மட்டுமே அவற்றைப் பார்த்து வந்தார், அன்றைக்குத்தான் பல்லாகப் பார்த்தார். வெட்கத்தில் நிமிர முடியவில்லை, குனிந்து கேமராவுக்குப் பின்னால் முகத்தைப் புதைத்துக்கொள்ள வசதியாக இருந்தது. இருநூற்றுச் சொச்சம் பேர். பாப்பாவின் பால்பல்லையும் எடுத்தார். அதில் இன்னும் ஒன்றுமில்லை, வெள்ளையாக இருந்தது.

கடைசியில் மகள் வந்து உட்கார்ந்தாள். அவர் கேமராவைச் சரிசெய்தார். அந்தப் பழுப்புப் பட்டை லென்ஸில் பெரிதாக, நடுவில் தெரிந்தது. ஏழு வயதில் தன் கட்டைவிரல் தேய்த்த இடம். நாக்கில் பழைய வாசகம் வந்து நின்றது.

“நல்லா சிரி…”

“சிரிக்கிறேம்பா,” என்றாள். “மத்ததை நீங்க பாத்துக்க வேண்டாம்.”